சாதியை நீதிபதிகளுக்கு யார் கற்பிப்பது?

(சட்டக் கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நீதிபதிகளுக்கான பயிற்சி என்று தலைப்பைச் சொன்னதும் சிலருக்குக் கொட்டாவி வந்திருக்கும். அது ஏதோ அலுவலக விவகாரம், நமக்கென்ன என்று தோன்றும். ஆனால் ஒரு வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கை பதிவாவதற்கே நம் மக்கள் சாலை மறியல் செய்ய வேண்டியிருக்கிறது, உடலை வாங்க மறுத்து மருத்துவமனை வாசலில் உட்கார வேண்டியிருக்கிறது. அத்தனையும் தாண்டி வழக்கு நீதிமன்றத்துக்குள் போகிறது. அங்கே இருக்கையில் இருப்பவருக்குச் சாதி எப்படி இயங்குகிறது என்று தெரியாவிட்டால் என்ன ஆகும்?

கீழ்வெண்மணியில் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் மிராசுதார்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நிலபுலன் உள்ள, கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று.

இன்னொன்று ராஜஸ்தானில் நடந்தது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி, குயவர் சமூகத்தைச் சேர்ந்தவர். 1992இல் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மேல்சாதி ஆண்கள் தங்களைவிடத் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தீண்டியிருக்க மாட்டார்கள் என்பதும் அங்கே ஒரு காரணமானது.

இந்த இரண்டு இடத்திலும் நீதிபதிகளுக்குச் சட்டப் பிரிவு தெரியாமல் போகவில்லை. யார் எதைச் செய்வார், யார் செய்யமாட்டார் என்று அவர்கள் மனதில் ஒரு சித்திரம் ஏற்கெனவே இருந்தது. அந்தச் சித்திரத்தை வரைந்தது சாதி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் பொது அறிவு.

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பாலினம் சார்ந்த தவறான கருத்துகளைப் பற்றி நீதிபதிகளுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. ஆதிக்கச் சாதி ஆண் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணிடம் அப்படி நடந்துகொள்ள மாட்டான் என்ற எண்ணமே தவறு, பாலியல் வன்முறை ஆதிக்கத்தின் கருவியாகவே பயன்பட்டுவருகிறது என்று அது சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் எந்தச் சேரிப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஓர் உண்மை நீதிபதிகளின் கையேட்டில் ஏற, அந்த 1995 தீர்ப்பிலிருந்து கணக்கிட்டால் 28 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

பயிற்சி நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. போபாலில் தேசிய நீதித்துறை அகாடமி இருக்கிறது. சென்னையில் தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமியும், கோவையிலும் மதுரையிலும் அதன் மண்டல மையங்களும் இருக்கின்றன. புதிதாகத் தேர்வாகும் நீதிபதிகளுக்குக் குறைந்தது ஓராண்டுப் பயிற்சி வேண்டும் என்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணியில் உள்ளவர்களுக்கும் அவ்வப்போது வகுப்புகள் நடக்கின்றன. கேள்வி, அங்கே சாதி எப்படிக் கற்பிக்கப்படுகிறது, யார் கற்பிக்கிறார்கள் என்பதுதான்.

முதலில் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு 3(2)(5) பிரிவில், பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்ற காரணத்தாலேயே குற்றம் நடந்தது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது, அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்து செய்திருந்தால் போதும். பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றவாளிக்கு நேரடியாகத் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் ஊகிக்க வேண்டும் என்கிறது புதிதாகச் சேர்த்த 8(சி). இந்த இரண்டு மாற்றத்தையும் உள்வாங்காத நீதிபதி பழைய அளவுகோலை வைத்தே இன்றைய வழக்கை அளந்துவிட முடியும்.

15ஏ பிரிவும் அப்படித்தான். பிணை மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும். இது கட்டாயம் என்று ஹரிராம் பாம்பி வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் கொடுத்த பிணையை ரத்து செய்தது. சட்டத்தில் தெளிவாக எழுதியிருப்பதை ஓர் உயர் நீதிமன்றத்துக்கு நினைவூட்ட, பாதிக்கப்பட்ட குடும்பம் டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

சட்டப் புத்தகத்தில் இல்லாத பாடம் இதைவிடப் பெரியது. புகார் கொடுக்க ஏன் இரண்டு நாள் தாமதம் என்று நீதிமன்றம் கேட்கும். காவல் நிலையத்துக்கு ஊர்த் தெரு வழியாகத்தான் போக வேண்டும், கூலி வேலை கொடுப்பவரே குற்றம் சாட்டப்பட்டவரின் சித்தப்பா என்றால் இரண்டு நாள் தாமதமே அல்ல, துணிச்சல். சாட்சிகள் எல்லாரும் ஏன் ஒரே சாதி என்று கேட்பார்கள். சம்பவம் சேரியில் நடந்தால் வேறு யார் பார்த்திருப்பார்கள்? என்ன சொல்லித் திட்டினான், அப்படியே சொல்லுங்கள் என்பார்கள். அந்த வசையை நிறைந்த நீதிமன்றத்தில் தன் வாயாலேயே திரும்பச் சொல்ல ஒரு அம்மா தயங்கினால், அந்தத் தயக்கம் முரண்பாடாகக் குறிக்கப்படும் ஆபத்து இருக்கிறது.

நீதிபதிகளுக்கே பாடம் எடுப்பதா, நீதித்துறைச் சுதந்திரம் என்னாவது என்று சிலர் கேட்பார்கள். மாநில அகாடமிகள் உயர் நீதிமன்றத்தின் கீழ் இயங்குபவை, தேசிய அகாடமிக்குத் தலைவர் இந்தியத் தலைமை நீதிபதி. இதில் அரசு எங்கே தலையிடுகிறது? 2021 மார்ச்சில் அபர்ணா பட் வழக்கில், பாலியல் சீண்டல் புகாரில் சிக்கியவருக்கு, புகார் கொடுத்த பெண்ணிடமே ராக்கி கட்டிக்கொள்ளுமாறு விதித்த பிணை நிபந்தனையை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், நீதிபதிகளுக்குப் பாலின உணர்வுப் பயிற்சி தேவை என்றும் உத்தரவிட்டது. பாலினத்துக்குப் பொருந்துவது சாதிக்கு ஏன் பொருந்தாது?

கற்றுக்கொண்ட நீதிபதியும் நம் கண் முன்னாலேயே இருக்கிறார். 2021இல் ஒருபாலீர்ப்புப் பெண்கள் இருவர் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கில், தன் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொன்ன நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே விரிவான உத்தரவை எழுதினார். கோகுல்ராஜ் கொலை மேல்முறையீட்டில் அவரும் நீதிபதி எம்.எஸ். ரமேஷும் திருச்செங்கோடு கோயிலுக்கும் உடல் கிடந்த ரயில் பாதைக்கும் நேரில் போய்ப் பார்த்தார்கள். 2023இல் தண்டனையை உறுதிசெய்தார்கள். ஒரு நீதிபதியின் விருப்பத்தால் நடந்தது, எல்லா நீதிபதிகளுக்கும் விதியாக வேண்டும்.

சிறப்பு நீதிமன்றத்தில் பொறுப்பேற்கும் முன் கட்டாயப் பயிற்சி வேண்டும். கீழ்வெண்மணித் தீர்ப்பும் பன்வாரி தேவி தீர்ப்பும் அங்கே பாடமாக வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதிகள் மட்டும் வகுப்பெடுத்தால் போதாது. வழக்கில் போராடிய குடும்பங்கள், அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்கள், சாதியை ஆய்வு செய்பவர்கள் ஆசிரியர்களாக அந்த வகுப்பறைக்குள் நுழைய வேண்டும். சேரியில் பிறந்தவர் பேச, நீதிபதி குறிப்பெடுக்கும் ஒரு நாள் வந்தாலே அது பெரிய மாற்றம்தான்.

பயிற்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. உயர் நீதிமன்றங்களிலும் உச்ச நீதிமன்றத்திலும் நீதிபதி நியமனத்துக்கு இட ஒதுக்கீடு இல்லை. அந்தக் கோரிக்கையைப் பயிற்சியின் பெயரால் ஒத்திப்போட விடக்கூடாது. இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

நீங்கள் சட்ட மாணவர்கள், அதனால் உடனே செய்யக்கூடிய இரண்டு வேலைகள் இருக்கின்றன. கடந்த ஐந்து ஆண்டுகளில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு எத்தனை மணிநேர வகுப்பு நடந்தது, யார் நடத்தினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநில அகாடமியைக் கேளுங்கள். உங்கள் மாவட்டச் சிறப்பு நீதிமன்றத்தின் விடுதலைத் தீர்ப்புகளைத் திரட்டி, எந்தக் காரணத்தால் விடுவித்தார்கள் என்று பட்டியல் போடுங்கள். நீதிபதிகளுக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும். பாடத்திட்டம் எழுதும் வேலையை நாமே தொடங்குவோம்.