நாள்காட்டியில் ஒரு புள்ளி
(விழாவின் மகளிர் அமர்வில் ஆற்றிய உரை)

 

விழா நாளில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று தயங்கினேன். ஆயினும், தாய்மார்கள் இத்துணைப் பேர் ஒருங்கே கூடும் நாள் வேறு வாய்ப்பது அரிது என்பதால் துணிந்தேன்.

என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர், வயிறு உப்புசமாக இருக்கிறதென்று பல மாதங்கள் சொல்லி வந்தார். ஓமநீர் அருந்துங்கள் என்று அறிவுரை கூறியவர்களுள் நானும் ஒருத்தி. அது ஓவரி எனப்படும் சினைப்பையில் தோன்றிய புற்றுநோய் என்று தெரிந்தபோது, வயிறு முழுதும் பரவியிருந்தது. இரண்டே ஆண்டுகளில் அவர் மறைந்தார். ஏன் காலம் தாழ்ந்தது என்னும் வினா இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

முதற்காரணம், உறுப்பின் இருப்பிடம். சினைப்பை வாதுமைப் பருப்பளவினது; இடுப்புக்குழியின் ஆழத்தில் உள்ளது. மார்பகக் கட்டியைப் போல் கைக்குத் தட்டுப்படாது.

இரண்டாவது, அறிகுறிகளின் எளிமை. வயிறு உப்புதல், சிறிது உண்டதும் நிறைந்துவிடுதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுதல் ஆகியவை முதன்மையானவை. முன்னதை வாயு என்கிறோம். அடுத்ததை அளவோடு உண்ணும் நற்பழக்கம் என்று மகிழ்கிறோம். மற்றவற்றை மாதவிடாய் நிற்கும் வயதின்மேல் ஏற்றுகிறோம். மருத்துவரும் பல வேளைகளில் குடலையே முதலில் ஐயுறுகிறார்.

டி.என்.ஏ.வின் அமைப்பை அறியத் துணைநின்ற எக்ஸ் கதிர்ப் படங்களைத் தந்த ஆங்கிலேய அறிவியலாளர் ரோசலிண்ட் பிராங்கிளின், 1956இல் அமெரிக்கா சென்றிருந்தபோது வயிறு பெருத்துத் தம் பாவாடையைப் பூட்ட இயலாமல் போனதை உணர்ந்தார். ஊர் திரும்பியபின் நடந்த அறுவையில் இரு கட்டிகள் காணப்பட்டன. 1958 ஏப்ரலில், 37ஆம் அகவையில் மறைந்தார். நாமோ உள்பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது, சோதனை பற்றிய மயக்கம். பாப் சோதனை கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு உரியது. அதில் குறையில்லை என்றால் சினைப்பையும் நலமென்று பொருளன்று. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு, சி.ஏ.125 இரத்தச் சோதனையாலும் ஸ்கேனாலும் முன்கூட்டியே கண்டறிய முயன்றனர். அதனால் இறப்பு குறையவில்லை என்று 2021இல் அறிவித்தனர். ஆகவே, அறிகுறியை மதிப்பதே இன்று நம் கையில் உள்ள வழி.

நான்காவது, நம் மௌனம். வீட்டார் அனைவரின் உடல்நலத்தையும் கேட்டறியும் நாம், நம் வயிற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை.

சகோதரிகளே, அஞ்ச வேண்டா. வயிற்று உப்புசம் பெரும்பாலும் புற்றுநோயன்று. ஆயினும் இவ்வறிகுறிகள் புதிதாகத் தோன்றி, மாதத்தில் 12 நாள்களுக்கு மேல் தொடர்ந்தால், சிறப்பாக 50 வயதைக் கடந்தோர், மகளிர் மருத்துவரிடம் செல்லுங்கள். தொல்லை தரும் நாள்தோறும் நாள்காட்டியில் ஒரு புள்ளி வையுங்கள். "சினைப்பையாக இருக்குமோ?" என்று நீங்களே கேளுங்கள். தாய்வழியிலோ தந்தைவழியிலோ மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் கண்டோர் இருப்பின் அதையும் கூறுங்கள், பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களின் குறை தந்தை வழியாகவும் வரும்.

என் தோழிக்கு நான் ஓமநீரைச் சொன்னேன்; எத்தனை நாளாக என்று கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.