பிழையும் ஒரு குரு



1505-இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரின் பீரங்கி முழக்கம் மக்களுக்குப் பெருவியப்பாயிருந்ததென 'இராஜாவலிய' கூறும். ஆயினும், 1596-இல் வெளிவந்த தம் நூலில் ஒல்லாந்தப் பயணி லின்ஸ்கோட்டன் சிங்களக் கொல்லரின் துவக்குக் குழல்களை மெச்சியிருக்கிறார். இடையில் ஏறத்தாழத் தொண்ணூறே ஆண்டுகள்!

அத்திறமை பிழையின்றி வந்திராது. வாய்வழி மருந்திடும் துவக்கின் குழல், இரும்பைச் சுருட்டிக் காய்ச்சி ஒட்டியது. ஒட்டிலே மயிரளவு பழுதிருந்தாலும் வெடித்துச் சுடுபவன் கையையே பறிக்கும். ஆதலால், 1637-இல் பட்டயம் பெற்ற இலண்டன் துவக்குக் கம்மியர் சங்கம், குழல்களைச் சோதித்தே முத்திரையிட்டது.

நாமோ, பள்ளியிற் கணக்குப் பிழைத்தால் தாளை மடித்து மறைத்தோம். அப்பிழை பரீட்சையில் வெடித்தது! பட்டறையிற் கண்ட பிழை பாடம். களத்திற் கண்டது இழப்பு.

இளைஞரே, நம் பிழையை நாமே முதலிற் சொல்வோம். பெரியோரே, சொன்னவனை ஏசாது திருத்துங்கள்.