டீச்சரிடம் மறைக்காதீங்க
(பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பிள்ளைக்கு வலிப்பு இருக்கிறதைச் சொன்னா பள்ளிக்கூடத்தில் வச்சிக்க மாட்டாங்கன்னு பயப்படுறீங்க. சொல்லாவிட்டால்தான் ஆபத்து. விஷயம் தெரியாதவங்க கையில் இரும்புச் சாவியைத் திணிப்பாங்க, வாயில் கரண்டி வைப்பாங்க. இரும்பால் வலிப்பு நிற்காது; கரண்டியால் பல்லுதான் உடையும். தெரிஞ்ச டீச்சர் மேசை கதிரையைத் தள்ளி, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைப்பார். துடிப்பு அடங்கினதும் ஒருக்களித்துப் படுக்க வைப்பார். 5 நிமிடம் தாண்டினால் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடணும்.

விழாத வலிப்பும் உண்டு. பாடம் நடக்கும்போதே பிள்ளை சில விநாடி வெறிச்சுப் பார்க்கும், கூப்பிட்டால் கேட்காது. ஒரு நாளில் பல தடவையும் வரலாம். கவனமில்லைன்னு அடி வாங்குறது இந்தப் பிள்ளைகள்தான், பாவம். தவறின பாடத்தைத் திரும்பச் சொல்லிக் கொடுத்தால் போதும், படிக்கும். இது தொற்று நோயும் இல்லை. உங்க பிள்ளையைப் பக்கத்தில் உட்கார விடுங்க.

அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து இலவசம். கிளினிக் நாளில் ஒரு பேர் போகும்தான். ஆனாலும் சுகமாயிட்டுதுன்னு நினைச்சு, டொக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீங்க. பெரட்டுக்கு ஓடுற அவசரத்திலும் கொடுத்துட்டுப் போங்க.