வருமுன் காக்கும் கணினி

பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில் மண் சரியக்கூடுமென்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆயினும் குடும்பங்கள் அங்கேயே வாழ்ந்திருந்தன. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களை மூடிற்று. பல உயிர்கள் மாண்டன. அறிதல் ஒன்று, அறிந்தபடி ஆற்றுதல் மற்றொன்று.

நோய்த் தடுப்பும் இத்தகையதே. இலங்கைப் பாடசாலைகளில் 1, 4, 7, 10 ஆகிய வகுப்புகளில் மருத்துவப் பரிசோதனை நடைபெறுகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை ஆறாம் வகுப்புச் சிறுமியருக்குப் போடும் திட்டமும் 2017இல் தொடங்கிற்று.

ஏழாம் வகுப்பில் இரத்தசோகை கண்ட மாணவியொருத்தியின் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் பெயர்ந்தால், ஏட்டிலுள்ள குறிப்பு பழைய ஊரிலேயே தங்கிவிடக்கூடும். கணினிப் பதிவோ அவளைத் தொடர்ந்து செல்லவல்லது. மருந்து பெற்றாளா, மறுபரிசோதனைக்கு வந்தாளா என்பதைப் புதிய ஊரின் மருத்துவ அதிகாரியும் அறியலாம். வாராதோர் பெயர்களை அது தனியே எடுத்துக் காட்டும்.

இது வெறுங்கனவன்று. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டி.எச்.ஐ.எஸ்.-2 என்னும் மென்பொருளைக் கொண்டு, 2020இல் கொவிட் தொற்றின்போது வெளிநாட்டிலிருந்து வந்த பயணிகளை இலங்கைச் சுகாதார அமைச்சு கண்காணித்தது. பயணியைத் தொடர்ந்த கருவி மாணவியையும் தொடரக்கூடும்.

ஆனால், கணினி மலையேறி லயத்துக்கு வருவதில்லை. திரையிற் கண்ட பெயரைத் தேடிக் குடும்பநல உத்தியோகத்தரே நடந்து செல்லல் வேண்டும். பருவமடைந்த பிள்ளையின் உடல்நிலை அயலார் கண்ணில் படாது காத்தலும் வேண்டும். எச்சரிக்கை எழுத்தளவில் நின்றால் நேர்வது யாது என்பதற்கு மீரியபெத்தயே சான்று.