அடுக்களையில் தொடங்கிய அருட்பணி



திருநாவுக்கரசு சுவாமிகளின் திருக்கரத்தில் விளங்கும் உழவாரப் படையை வணங்காத அன்பர் இல்லை. திருமுற்றத்துப் புல்லைச் செதுக்குவதும் இறைபணியே என்று காட்டியவர் அப்பெருமான். அந்நெறியோடு இணைத்து எண்ணத்தக்க ஒருவர், இராமகிருஷ்ண மடம், இராமகிருஷ்ண மிஷன் ஆகியவற்றின் 13ஆவது தலைவராக விளங்கிய சுவாமி ரங்கநாதானந்தர்.

கேரளத்தில் திருச்சூரை அடுத்த திருக்கூர் என்னும் சிற்றூரில் 1908ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் அவர் பிறந்தார். பிள்ளைப் பெயர் சங்கரன் குட்டி. சிறுவயதில் ஒருமுறை கடுஞ்சொல் ஒன்று அவர் வாயில் வந்துவிட்டது. நாவில் கலைமகள் உறைகின்றாள், அதனை இழிசொல்லால் மாசுபடுத்தலாகாது என்று தாயார் திருத்தினார். பின்னாளில் உலகெங்கும் சென்று உரையாற்றப் போகும் நாவுக்கு அதுவே முதற்பாடம்!

பதினான்காம் வயதில் ஸ்ரீ ராமகிருஷ்ணரின் அமுதமொழி நூல் அவர் கைக்குக் கிட்டியது. அதனைக் கற்ற உள்ளம் வேறொன்றை நாடவில்லை. 1926இல் மைசூர் ஆசிரமத்தை அடைந்தார்.

துறவு பூண வந்த இளைஞருக்கு அங்கே கிடைத்தது வியாசபீடம் அன்று, அடுக்களை. சமைத்தார், பாத்திரம் துலக்கினார், இல்லத்தைத் தூய்மை செய்தார். இவ்வாறு ஆண்டுகள் பல கழிந்தன. கல்லூரிப் படி ஏறாதவர், பணிகளுக்கு இடையே உபநிடதங்களையும் கீதையையும் தாமே முயன்று கற்றார். 1933இல் ஸ்ரீ ராமகிருஷ்ணரின் நேர்ச்சீடரான சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்றார். பெங்களூரில் தங்கியிருந்த காலத்தில் சிறைக்கூடத்திற்குச் சென்று கைதிகளுக்கு அறவுரை வழங்கினார். கற்றோர் அவைக்கும் சிறைக்கும் அவர் வேறுபாடு காணவில்லை.

1939இல் இரங்கூன் ஆசிரமப் பொறுப்பு அவரிடம் வந்தது. உலகப்போரில் ஜப்பானியர் குண்டுமழை பொழிந்தபோது, அகதிகளோடு அகதியாகக் காடும் மலையும் கடந்து நடந்தே டாக்கா நகரை அடைந்தார். அடுத்துக் கராச்சி. அங்கே அவர் நிகழ்த்திய கீதை வகுப்புகளுக்கு இளைஞர் திரண்டனர். பாரதப் பிரிவினையின் கொந்தளிப்பில் அந்த ஆசிரமத்தை 1948இல் மூட நேர்ந்தது. கட்டிக் காத்த இரண்டு நிலையங்களை அடுத்தடுத்து இழந்தவர், மனம் தளராது தில்லியில் மீண்டும் தொடங்கினார். பின்னர்க் கல்கத்தாவிலும் ஹைதராபாத்திலும் அவர் பணி தொடர்ந்தது.

1998இல், ஏறத்தாழத் தொண்ணூறாம் வயதில், பேலூர் மடத்தின் தலைமைப் பீடம் ஏறினார்.

இரண்டாண்டுகள் சென்றன. 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருதை அறிவித்தது. பட்டங்களுக்காக ஏங்கித் திரிவோர் மிகுந்த உலகில் அது சிறிய பேறன்று. ஆயினும் சுவாமிகள் அதனை ஏற்க மறுத்தார். காரணம் எளியது. விருது மிஷனுக்கு வழங்கப்படவில்லை, தனியொருவருக்கு வழங்கப்பட்டது. 1998ஆம் ஆண்டுக்கான காந்தி அமைதிப் பரிசு இராமகிருஷ்ண மிஷனுக்கே அளிக்கப்பட்டது. அதனை ஏற்பதில் தடையேதும் எழவில்லை. 'நான்', 'எனது' என்பவற்றைத் துறந்தவருக்குத் தம் பெயரில் வரும் மாலை எதற்கு?

மைசூர் அடுக்களையில் அவர் துலக்கிய பாத்திரங்களிலும் எவர் பெயரும் பொறிக்கப்படவில்லை. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், தம் 96ஆம் வயதில், கொல்கத்தாவில் சுவாமிகள் மகாசமாதி எய்தினார்.