கடாரம்: ஒரு துறைமுகத்தின் பெயர்



மெர்கோங்கிற்குத் தெற்கே உயர்ந்து நிற்கும் ஜெராய் மலை, பண்டைக் கடலோடிகளுக்குக் கரைகாட்டியாக விளங்கியது. அதன் அடிவாரத்தில், மெர்போக் ஆற்றையொட்டிச் செழித்த துறைமுகமே கடாரம். பெங்காலான் பூஜாங் அகழ்வில் சீனப் பீங்கான்களும் மேலையாசியக் கண்ணாடிகளும் மணிகளும் கிடைத்தன. சுங்கை பத்துவில் இரும்புருக்கிய உலைகள் வெளிப்பட்டன.

இனிப் பெயரை நோக்குவோம். வடமொழியில் கடாகம், தமிழில் கடாரம், கிடாரம், மலாயில் கெடா. கடாகம், கடாரம் இரண்டும் கொப்பரையையும் குறிப்பன. ஆயினும் ஒலியொப்புமை ஒன்றனைக் கொண்டே ஊர்ப்பெயரின் மூலத்தை முடிவு கட்டுதல் மொழியியல் நெறியன்று.

1025இல் இராசேந்திர சோழன் படையெடுத்துக் கடாரங்கொண்டான் எனப் பெயர் பெற்றதையே நாம் பெரிதும் நினைக்கிறோம். அதற்கு முன்னரே, அவன் தந்தை இராசராசன் காலத்தில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்பினான் என்பதையும், அதற்கு ஆனைமங்கலம் வழங்கப்பட்டதையும் செப்பேடு கூறுகிறது. மலாய்மொழி நம்மிடம் பெற்ற கப்பல், கடை என்னும் சொற்களும் வாளொடு சென்றவையல்ல, வாணிகத்தொடு சென்றவை.

பின்னர்க் கடற்கரை விலகியது. வாணிகம் பிற துறைகளுக்குப் பெயர்ந்தது. எஞ்சிய சண்டிகளுள் ஒன்று 2013இல் நிலமேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டது. அச்செய்தி கேட்டு வருந்திய நாம், அதற்கு முன் எத்துணை முறை அங்குச் சென்றிருந்தோம்?

தோட்டப்புறப் பிள்ளைகளை மெர்போக் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்வோம். கடாரம் என்னும் பெயரைப் போரோடு மட்டுமன்றித் துறையோடும் கடையோடும் சேர்த்துக் கற்பிப்போம்.