எழுதுகிறவரின் மேசையில் எந்தப் புத்தகம் இருக்கணும்?

எழுத ஆரம்பிக்கிற பலரும் கேட்கிற கேள்வி இது: "என்னென்ன புத்தகம் வாங்கி வச்சுக்கணும்?" பட்டியல் சொல்றது சுலபம். ஆனா அகராதிகள் விலை அதிகம். யாரோ சொன்னாங்கன்னு வாங்கினது அலமாரியிலேயே தூங்கும். அதனால வேற ஒரு வழி சொல்றேன்.

ஒரு வாரம், எழுதும்போது பக்கத்தில ஒரு தாள் வச்சுக்கோங்க. எழுத்து எங்கெல்லாம் நிக்குதோ, அதுக்கான காரணத்தை ஒரு வரியில குறிங்க. சொல்லோட பொருள்ல சந்தேகமா? ஒற்று மிகுமா மிகாதான்னு குழப்பமா? அந்தக் காலத்து வாழ்க்கை தெரியலையா? உங்களுக்கு எந்தப் புத்தகம் வேணும்னு அந்தத் தாளே சொல்லிடும்.

சொல்லின் பொருள்ல நின்னீங்கன்னா, ரெண்டு அகராதிக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிஞ்சுக்கணும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், பழைய இலக்கியப் பொருளோட இருக்கு. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் முதலில் வந்தது. இன்றைக்கு ஒரு சொல் எப்படிப் புழங்குதுன்னு எடுத்துக்காட்டு வாக்கியத்தோட காட்டும்.

'நாற்றம்' என்ற சொல்லை எடுத்துக்கோங்க. பழைய தமிழில் அதற்கு நறுமணம் என்ற பொருளும் உண்டு. அதை நம்பி, இன்றைய கதையில ஒருத்தர் "மல்லிகை நாற்றம்"னு சொன்னா வாசகர் சிரிச்சுடுவார். சமகாலக் கதை எழுதுறவங்களுக்கு க்ரியா முதலில். சரித்திரக் கதைக்குப் பேரகராதி அவசியம். ஆனா அதை வாங்க வேண்டியதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம்.

ஒற்று, நிறுத்தக்குறி, சொற்களைச் சேர்த்து எழுதுறதா பிரிச்சு எழுதுறதா என்ற குழப்பங்களுக்குத் 'தமிழ் நடைக் கையேடு' போதும். சின்னப் புத்தகம்தான்.

வட்டார வழக்கு எழுதுறவங்களுக்கு கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி, பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி இரண்டும் பொக்கிஷம். ஆனா ஒரு எச்சரிக்கை. அதிலிருந்து பத்துச் சொல்லை எடுத்து ஒரே பத்தியில கொட்டினா, கதாபாத்திரம் பேசாது, அகராதிதான் பேசும். ஒரு சொல்லை எடுங்க. அதை யார், எந்த வேலை செய்யும்போது, யார்கிட்ட சொல்வாங்கன்னு அந்த ஊர்க்காரங்ககிட்ட கேளுங்க. அப்புறம் பயன்படுத்துங்க.

அடுத்தது, எழுதத் தூண்டுற புத்தகங்கள். இதுக்கு நான் வைக்கிற சோதனை ஒண்ணுதான். பத்துப் பக்கம் படிச்சதும் புத்தகத்தை மூடிட்டு எழுதத் தோணுதா? தோணினா அது உங்க புத்தகம். "இவரை மாதிரி நம்மால முடியாது"ன்னு சோர்வு வந்தா, அது எவ்வளவு பெரிய படைப்பா இருந்தாலும், எழுதுற நாட்கள்ல தள்ளி வைங்க. எழுதாத நாள்ல ஆசையா படிக்கலாம்.

கதை எழுதுறவங்க இதுக்கு நாவல்களை மட்டும் தேட வேண்டாம். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வர ஆரம்பிச்சது. ஒரு மாணவன் எப்படிப் பாடம் கேட்டான், எங்கே தங்கினான், ஏட்டுச்சுவடி தேடி எப்படி அலைஞ்சான் எல்லாம் அதில இருக்கு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியை நாள் நாளா காட்டும். வியாபாரம், அரசியல், வீட்டு விசேஷம் எல்லாம் கலந்து கிடக்கும். இந்த மாதிரி ஒரு பக்கத்திலிருந்தே ஒரு கதை கிளம்பலாம்.

கடைசியா ஒண்ணு. புத்தகம் தேடுறதும் சில நேரம் எழுதாம இருக்க ஒரு சாக்கு ஆயிடும். சந்தேகம் வந்த இடத்தில ஒரு கோடு போட்டுட்டு மேல எழுதுங்க. அகராதியை அன்றைய எழுத்து முடிஞ்சதும் திறங்க. அந்த ஒரு வாரத் தாளில என்ன வந்ததுன்னு எங்களுக்கும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.